பொறி எண் நாற்பத்து மூன்று

எங்கள் அண்ணிக்கு ஒரு வண்டைத் தேடுவதுதான் வேலை. ஒன்பது வருடமாகத் தேடினார், கிடைக்கவில்லை. கிடைக்காததால்தான் வனத்துறையில் அவருக்கு நல்ல பெயர். என் வேலையும் ஏறக்குறைய அப்படிப்பட்டதுதான் என்றாலும் அந்த நல்ல பெயர் எனக்கு வாய்க்கவில்லை. நான் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறவன். பிழையைப் பிடித்தால் யாருக்கும் தெரியாது. விட்டால் ஊருக்கே தெரியும்.

வண்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கறுப்பு உடம்பு, முதுகில் வெள்ளைப் புள்ளிகள், உடம்பைவிட நீளமான மீசை. நம் பக்கத்துப் பூச்சி இல்லை. எங்கிருந்தோ கப்பலில் வந்த மரப்பெட்டிகளோடு வந்து இறங்கியது. பார்ப்பதற்கு லட்சணமாகத்தான் இருக்கும். ஆனால் மரப்பட்டையைக் கடித்துப் பள்ளம் செய்து முட்டை வைக்கும். புழு உள்ளே போய் மரத்தைக் குடைந்து குடைந்து தின்னும். வளர்ந்து வண்டானதும் ஒரு பென்சில் நுழைகிற அளவுக்கு வட்டமாக ஓட்டை போட்டு வெளியே வரும். நாலைந்து வருடத்தில் மரம் நின்றபடியே செத்துப்போகும். துறைமுகத்தை ஒட்டிய ஒரு மலையில் ஒரு மரம் பாக்கியில்லாமல் போயிற்று. எங்கள் தெரு முடிகிற இடத்தில் பேருந்து நிறுத்தம், அதைத் தாண்டினால் காடு. காடு முழுக்க அந்த வண்டுக்குப் பிடித்த மரம். அதற்கு வனத்துறைக் காகிதங்களில் வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு. எங்கள் தெருவில் அதற்குப் பெயர் மரம். வேறு மரம் இல்லாததால் குழப்பம் வந்ததில்லை.

அண்ணியின் பொறுப்பில் நாற்பத்திரண்டு பொறிகள். பொறி என்றால் எலிப்பொறி மாதிரி அல்ல. பன்னிரண்டு கறுப்புப் புனல்களை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்துக் கிளையில் தொங்கவிட்டிருப்பார்கள். நடுவே ஒரு சின்னப் பொட்டலம். அதில் வண்டுக்குப் பிடித்த வாசனை. வாசனைக்கு மயங்கி வருகிற வண்டு புனலில் மோதி, வழுக்கி, அடியிலுள்ள டப்பாவில் விழ வேண்டும். அண்ணி வாரத்துக்கு மூன்று நாள் சைக்கிளில் போய் டப்பாக்களைத் திறந்து பார்ப்பார். விழுந்திருக்கிற ஈ, எறும்பு, விட்டில் எல்லாவற்றையும் தட்டில் கொட்டி, கிளறி, படிவத்தில் பொறி எண்ணுக்கு எதிரே 'இல்லை' என்று எழுதுவார். 'மேற்படி' என்று போடக் கூடாது. அவருக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் மேற்படி மேற்படி என்று எழுதி, கடைசியில் எதற்கு மேற்படி என்று அவருக்கே தெரியாமல் போனதாகக் கேள்வி. ஆகவே வாரத்துக்கு நாற்பத்திரண்டு 'இல்லை', முழுசாக, கையால்.

சைக்கிளில் போகிறவரை நிறுத்தி, "ஏதாவது கிடைச்சுதாக்கா?" என்று யாராவது கேட்பார்கள். "இல்லை" என்பார். அதிலேயே 'இல்லையக்கா' என்று பெயர் விழுந்துவிட்டது. அவர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

ஒருமுறை துறை சார்பில் ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டினார்கள். 'வெள்ளைப் புள்ளி வண்டைக் கண்டால் உடனே தெரிவிக்கவும்' என்று வந்திருக்க வேண்டும். 'வெள்ளைப் புள்ளி வண்டியைக் கண்டால்' என்று அச்சாகிவிட்டது. ஒரு மாதம் அண்ணியின் கைப்பேசி ஓயவில்லை. பால் வண்டியைப் பார்த்தேன், கோழி ஏற்றுகிற வண்டியில் புள்ளி மாதிரி ஏதோ இருக்கிறது, ஓட்டுநர் முழியே சரியில்லை என்று பொறுப்புள்ள குடிமக்கள் தகவல் தந்தார்கள். அண்ணி ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லி, வண்டி எண்ணைக்கூடக் குறித்துக்கொண்டார். அந்தச் சுவரொட்டிக்கு மெய்ப்புப் பார்த்தவன் நான். அதைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை.

அண்ணனுக்கு சைக்கிள் பழுது பார்க்கிற தொழில். கடை என்று தனியாக ஒன்று கிடையாது. வீட்டு வாசலில் நின்ற மரம்தான் கடை. அதன் அடியில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்திருந்தார். தண்டு முழுக்க ஆணி. ஆணிக்கு ஆணி ட்யூப், சங்கிலி, பிரேக் கம்பி. ஒரு கிளையில் கப்பி கட்டி, கயிற்றைச் சுண்டினால் சைக்கிள் இடுப்பு உயரத்துக்கு எழும்பி நிற்கும்படி செய்திருந்தார். பெரிய வாகனப் பட்டறைக்காரன் ஒருவன் வேலைக்குக் கூப்பிட்டபோது, "உள்ள ஃபேன்தான இருக்கும்" என்று சொல்லி மறுத்துவிட்டார். அந்த மரத்து நிழலின்மேல் அவருக்கு அவ்வளவு கர்வம்.

இனி என் தவறு. பொறிகளைக் கையாளுகிறவர்களின் சட்டையில் அந்த வாசனை ஏறிவிடும், துவைத்தாலும் போகாது. மனிதருக்கு அது அணைந்த மெழுகுவத்தி வாசனை. வண்டுக்கு என்னவாகத் தோன்றுமோ. அதனால் வேலைச் சட்டையைத் தனியாகத் துவைத்து, வீட்டுக்குள்ளே காயப்போட வேண்டும் என்று விதி. வீட்டுக்குள் என்பது என் அறை. ஒன்பது வருடமாக அது என் மேசைக்கு மேலே தொங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, மறுநாள் கொடுக்க வேண்டிய பள்ளிப் பாடப் புத்தகத்தின் பதினாறு பக்க மெய்ப்பு நனைந்து கூழாகிவிட்டது. எனக்குப் பொல்லாத கோபம். சட்டையை எடுத்துக்கொண்டு போய், ஜன்னல் கம்பிக்கும் மரத்துக்கும் இடையே கட்டியிருந்த வெளிக்கொடியில் போட்டேன். நாகரிகமான மனிதர்களின் சட்டைகள் அங்கேதான் காய்கின்றன.

மதியம் எடுக்கப் போனேன். சட்டைப் பையின் ஓரத்தில் பட்டன் ஒன்று நகர்ந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். பட்டனுக்கு மீசை இருந்தது.

"அண்ணி, கொஞ்சம் வர்றீங்களா? உங்க சட்டையில பட்டன் ஒண்ணு நடக்குது."

அண்ணி ஈரக் கையோடு வந்தார். குனிந்து பார்த்தார். ஒன்பது வருடம் படத்தில் மட்டும் பார்த்த ஒன்றை நேரில் பார்க்கிறவர் எப்படிப் பார்ப்பாரோ, அப்படி வெகுநேரம் பார்த்தார். பிறகு, "இருக்கு" என்றார். அந்தச் சொல்லை அவர் வாயில் அதுவரை கேட்டதில்லை போல எனக்குத் தோன்றியது.

கவிழ்த்துப் போட்ட சைக்கிளுக்குப் பின்னாலிருந்து அண்ணன் தலையை நீட்டினார்.

"என்னது?"

"வண்டு."

"நசுக்கிடு."

பல்லியைக்கூட முறத்தில் ஏந்தி வெளியே விடுகிற மனிதர் அவர். நான் ஆச்சரியமாகப் பார்த்தேன்.

"என்னங்க பேசுறீங்க?" என்றார் அண்ணி. "இத நான் எழுதணும்."

"யாருக்குத் தெரியும்? எங்கிருந்தோ பறந்து வந்திருக்கும். நீ எழுதுனா இங்க வந்து நிப்பானுங்க. முதல்ல இந்த மரத்தத்தான் பாப்பானுங்க."

"பாக்கட்டும். ஒண்ணும் இல்லேன்னா போயிடுவாங்க."

அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்தார், மறுபடி எடுத்தார். அண்ணி ஒரு காலி ஜாம் பாட்டிலில் வண்டைப் பிடித்து மூடி, குளிர்பெட்டியில் வைத்துவிட்டுப் படிவத்தை எடுத்தார். படிவத்தில் பொறி எண்கள் நாற்பத்திரண்டோடு முடிந்துவிட்டன. அவர் அளவுகோல் வைத்து அடியில் ஒரு கோடு போட்டு, புதுக் கட்டம் உண்டாக்கினார். பொறி எண்: 43. இடம்: என் சட்டைப் பை, வீட்டுக் கொடி. வண்டு: ஒன்று.

மறுநாள் வனத்துறை ரேஞ்சர் வந்தார். நல்ல மனிதர். சிக்கலைக் கண்டால் சுற்றிக்கொண்டு போகத் தெரிந்தவர்.

"அக்கா, நாப்பத்து மூணுன்னு போட்டா கம்ப்யூட்டர் எடுத்துக்காது. பதினேழுன்னு போட்டுடலாமே. அது மரக்கிடங்குப் பக்கம் இருக்கு. பெட்டி வந்து இறங்குற இடம். பொருத்தமாவும் இருக்கும்."

"பதினேழுல இல்ல சார். கொடியில இருந்துச்சு."

"எங்கன்னு எழுதுறமோ அங்க நடுப்புள்ளி வச்சுத்தான் தேடுவோம். தெரியுமில்ல?"

"தெரியும் சார். நடுப்புள்ளி தப்பா வச்சா வட்டமே தப்பு."

ரேஞ்சர் என்னைப் பார்த்தார். நான் மரத்தைப் பார்த்தேன். சட்டையை வெளியே போட்டவன் யார் என்று அண்ணி அவரிடம் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், அவர் கேட்கவில்லை.

கயிறும் இடுப்புவாருமாக இரண்டு மரமேறிகள் வந்தார்கள். ரேஞ்சர் கீழேயே தண்டைச் சுற்றிவந்து ஓட்டைகளில் பென்சிலை விட்டுப் பார்த்தார். எல்லாம் அண்ணன் அடித்துப் பிடுங்கிய ஆணிகளின் ஓட்டைகள். பென்சில் முனை நுழைவதற்குள் நின்றுவிட்டது. "சுத்தமாத்தான் இருக்கு" என்றார். எதிர்வீட்டு வாத்தியார், ஓய்வு பெற்றவர், தன் வாசலில் கைகட்டி நின்று வேடிக்கை பார்த்தார், அதைக் கேட்டதும் உள்ளே போய்விட்டார். அண்ணன் மட்டும் வேலையை நிறுத்திவிட்டு, தலையைக் குனிந்தபடி ஒரு பெடலைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது புதுப் பெடல்.

மேலே போன ஆள் இறங்கி வந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினான். வட்டமான கறுப்பு ரப்பர்த் துண்டு ஒன்று இருந்தது.

"மேல பதினோரு ஓட்டை சார். எல்லாத்துக்கும் பஞ்சர் ஒட்டியிருக்கு."

"என்னப்பா சொல்ற?"

"ஆமா சார். சுத்தி உப்புத்தாள் போட்டுத் தேச்சு, சொல்யூஷன் தடவி, ஒழுங்கா ஒட்டியிருக்காங்க. ஒண்ணுகூட உரியல."

ரேஞ்சர் அந்தத் துண்டைப் பார்த்தார். தொங்கிய ட்யூப்களைப் பார்த்தார். பிறகு தன் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணி அதை வாங்கி விரலால் தடவினார். ஓரத்தை வட்டமாகச் சீவி, விளிம்பைச் சன்னமாக்குவது அண்ணனின் கைப்பழக்கம். இந்த ஊரில் வேறு யாரும் அவ்வளவு மெனக்கெடுவதில்லை.

"எப்ப ஒட்டுனீங்க?"

"ரெண்டு வருஷமாச்சு" என்றார் அண்ணன், பெடலைப் பார்த்தபடி. "கப்பி மாத்த ஏறுனேன். ஒரு ஓட்டையில மரத்தூள் வந்துக்கிட்டிருந்துச்சு. நீ சொல்லுவியே, அதே மாதிரி பென்சில விட்டுப் பாத்தேன். முழுசா உள்ள போச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வெட்டிருவீங்க." அவர் குரல் தணிந்துவிட்டது. "ஓட்டைன்னா எனக்கு ஒட்டத்தான் தெரியும்."

யாரும் சிரிக்கவில்லை. வேறு ஒருவரின் வீட்டில் நடந்திருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

"அப்பவே சொல்லியிருந்தா இந்த ஒரு மரத்தோட போயிருக்கும்" என்றார் அண்ணி.

அது அண்ணனுக்கும் தெரியும். ஒன்பது வருடமாகச் சாப்பாட்டு நேரத்தில் அந்த விதியைக் கேட்டுக் கேட்டு எங்கள் எல்லாருக்குமே மனப்பாடம். முதல் வருடத்தில் கண்டால் ஒரு மரம். இரண்டாவது தலைமுறை பறந்துவிட்டது என்றால், சுற்றியுள்ள அத்தனை மரங்களும், புழு இருந்தாலும் இல்லாவிட்டாலும். ரேஞ்சர் வரைபடத்தை விரித்து, எங்கள் துணிக்கொடியில் நடுப்புள்ளி வைத்து வட்டம் போட்டார். உள்ளே அறுபத்து நான்கு மரங்கள் விழுந்தன. எங்கள் தெருவில் இருந்தவை அத்தனையும் அதில் அடக்கம்.

படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு கேள்வி: 'கண்டறியத் தாமதமானதற்குக் காரணம்.'

"இத காலியா விட்டுடலாம்க்கா" என்றார் ரேஞ்சர் மெதுவாக. "நிறைய பேர் விடுறதுதான்."

அண்ணி பேனாவைத் திறந்து எழுதினார். 'என் கணவர் மறைத்தார்.' மூன்று சொற்கள். எழுத்துப்பிழை இல்லை.

ஐந்து நாள் வெட்டினார்கள். வெட்டிய கிளையை அங்கேயே இயந்திரத்தில் போட்டுத் தூளாக்கினார்கள். ஆறாம் நாள் எங்கள் தெரு மொட்டையாக நின்றது. இத்தனை ஜன்னல்கள் இத்தனை நாளாக ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன என்பதே அன்றுதான் தெரிந்தது. எல்லாரும் திரைச்சீலை வாங்கினார்கள். வெட்டிய மரங்களில் ஒன்பதில் புழு இருந்ததாக ஆய்வகத்திலிருந்து தகவல் வந்தது. அவற்றில் கடைசி மரம் பேருந்து நிறுத்தத்தில் நின்றது. அங்கிருந்து காடு நாற்பதடி. இன்னொரு கோடை போயிருந்தால் தாண்டியிருக்கும் என்றார் ரேஞ்சர். அதைத் தெருவில் யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை.

வாத்தியாரின் மரத்தில் ஓர் ஓட்டைகூட இல்லை. அதுவும் போயிற்று. அவர் மனைவி உயிரோடு இருந்தபோது தினமும் அதன் கீழே நாற்காலி போட்டு உட்காருவார். வாத்தியாருக்கு மனம் ஆறவில்லை; அதில் தப்பும் இல்லை. பஞ்சர் ஒட்டிய விஷயம் எங்கள் மூவரையும் ரேஞ்சரையும் அந்த இரண்டு ஆட்களையும் தவிர யாருக்கும் தெரியாது. தெருவுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: சட்டையில் ஒரு பூச்சி உட்கார்ந்தது, அதை அந்த அம்மா எழுதிக் கொடுத்தார், மரமெல்லாம் போயிற்று. 'இல்லையக்கா' போய், 'கோடாலியக்கா' என்று பெயர் வந்தது. கடைக்காரர் அவரிடம் மட்டும் முகம் பார்க்காமல் சாமான் கொடுத்தார். அண்ணிக்கு நாலு வார்த்தை சொல்லித் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியாதா? தெரியும். சொல்லவில்லை.

அண்ணனுக்கோ அனுதாபம் கொட்டியது. பாவம், பெண்டாட்டியே கடையை வெட்டிவிட்டாள் என்று, பழுதில்லாத சைக்கிளைக்கூடக் கொண்டுவந்து காட்டினார்கள். நீலத் தார்ப்பாய் ஒன்றை நாலு கம்பில் கட்டிக்கொண்டு அவர் அதன் கீழே உட்கார்ந்திருந்தார். உச்சி வெயிலில் அதற்குள் இருப்பது அடுப்புக்குள் இருப்பது மாதிரிதான். மறைத்ததற்காகத் துறையிலிருந்து வந்த எச்சரிக்கைக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். எல்லாருடைய அனுதாபத்தையும் வாங்கிக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடப் பிறந்தவர் என்று பார்க்காமல் சொல்கிறேன், அந்த நாட்களில் அவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அண்ணி அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். சண்டை கிடையாது, சத்தம் கிடையாது. சமையல் நடந்தது, பரிமாறல் நடந்தது. "தம்பி, சாப்பாடு ஆறுதுன்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லுங்க" என்பார். அண்ணன் இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருப்பார். நான் சொல்வேன். "வர்றேன்னு சொல்லு" என்பார் அவர். இப்படி இருபத்தாறு நாள் நடுவில் தபால் பெட்டியாக இருந்தேன். காலையில் வழக்கத்தைவிட ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே அண்ணி சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். தெருக்காரர்கள் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இருபத்தேழாம் நாள் பத்து மணிக்கு வாத்தியார் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் வாசற்படியில் உட்கார்ந்து மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணி அன்று வேலைக்குப் போகிற நாள் இல்லை, உள்ளே இருந்தார். அண்ணன் ட்யூபைக் கழற்றி, காற்றடித்து, தண்ணீர்ச் சட்டியில் முக்கி, எங்கே குமிழி வருகிறது என்று பார்த்தார்.

"ஒன்ன நெனச்சாத்தான்பா மனசு ஆற மாட்டேங்குது" என்றார் வாத்தியார், உள்ளே கேட்கிற மாதிரி. "வெளியாள் செஞ்சா திட்டிட்டுப் போகலாம். வீட்டுக்குள்ளயே கோடாலிய வச்சுக்கிட்டு நீ என்ன பண்ணுவ?"

அண்ணனின் கை தண்ணீரில் நின்றுவிட்டது. குமிழி வந்துகொண்டே இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

"சார், அவ இல்ல. நான்தான்."

"என்ன?"

"இந்த மரத்துல ஓட்டை விழுந்தது ரெண்டு வருஷம் முன்னாடியே எனக்குத் தெரியும். பஞ்சர் ஒட்டி மறச்சுட்டேன். அப்பவே சொல்லியிருந்தா என் மரம் ஒண்ணோட போயிருக்கும். உங்க மரம், மத்த மரம், எல்லாம் நின்னிருக்கும். அவமேல ஒரு தப்பும் இல்ல சார்."

சட்டைப் பையிலிருந்து அந்தக் கடிதத்தை ஈரக் கையாலேயே எடுத்து நீட்டினார். வாத்தியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார், இரண்டாம் முறையும் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்; திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ட்யூபக் குடு" என்றார்.

"சார், ஒட்டித் தர்றேன்."

"வேண்டாம். நீ ஒட்டுனது போதும்."

சொட்டுகிற ட்யூபைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு சக்கரம் தரையில் உரச, சைக்கிளைப் பேருந்து நிறுத்தத்துக் கடைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனார். தெருவை விட்டுத் திரும்புவதற்குள் இரண்டு பேர் அவரை நிறுத்தி என்ன ஏது என்று கேட்பதைப் பார்த்தேன். மதியத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். தார்ப்பாயின் கீழே அண்ணன் தனியாக உட்கார்ந்திருந்தார். கழுத்திலிருந்து வேர்வை ஒழுகியது, துடைக்கவில்லை.

"இனிமே இங்க யாரும் வரமாட்டாங்க" என்றார், என்னிடமோ தனக்குத்தானோ.

உள்ளே ஏதோ இடிபடுகிற சத்தம் கேட்டது. அண்ணி தன் சைக்கிளை நடை வழியாகத் தூக்கிக்கொண்டு வந்தார். என்னைத் தாண்டிப் படி இறங்கி, தார்ப்பாய்க்குள் குனிந்து நுழைந்து, அதை அண்ணன் முன்னால் தலைகீழாகக் கவிழ்த்து நிறுத்தினார். பின் சக்கரத்தில் காற்று கிடையாது. டயர் தட்டையாகி, ஓரம் கிழிந்து, ரிம்மில் மண் அப்பியிருந்தது.

"இருபது நாளாச்சு பஞ்சராகி" என்றார். இடையில் நான் இருப்பது தெரியாதவர் போல, நேராக அவரிடம் சொன்னார். "தள்ளிக்கிட்டேதான் போறேன்."

வாரத்துக்கு நாற்பத்திரண்டு பொறிகள், மேட்டிலும் பள்ளத்திலும். வேறு கடையில் கொடுத்திருக்கலாம். பேருந்து நிறுத்தத்தில் ஒருவன் இருக்கிறான். நான் மெய்ப்புத் தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு அழுதேன். பக்கம் முழுக்க நனைந்துவிட்டது.

அண்ணன் பின் சக்கரத்தைக் கழற்றி, சட்டித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் எடுத்து வர எழுந்தார்.